மாலை சுற்றிய காற்றுமானி

மலாய் நாட்டில், சாஆ பட்டணத்திலிருந்து உள்ளே பிரியும் செம்மண் சாலையில், செம்பனை மரங்களுக்கு நடுவே, எங்கள் தோட்டத்துச் சிவன் கோயில் ஒரு தாழ்ந்த நிலத்தில் இருக்கிறது. வடகிழக்கே மேட்டில், செம்பனைப் பழத்தைப் பிழியும் எண்ணெய் ஆலை. அதன் பின்னால் ஆலைக் கழிவுநீர் தேங்கும் நான்கு குளங்கள். கோயிலுக்குத் தென்மேற்கே, மதிலை ஒட்டினாற்போல் ஒரு மாட்டுக்கொட்டகை. குளத்துக்கும் கொட்டகைக்கும் இடையில், கோயில் வாசலுக்கு அருகே, பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவர் இரண்டாள் உயரத்துக்கு ஓர் இரும்புத் தூணை நட்டார். முப்பது வயதைக் கடந்த, கண்ணாடி அணிந்த, வேகமாகப் பேசும் தமிழ்ப் பெண்.

தூணின் உச்சியில் மூன்று கிண்ணங்கள் சுழலும். அது காற்றின் வேகத்தைச் சொல்லும். அதன் கீழே மீன்வால் போன்ற ஒரு தகடு காற்று வரும் திசையைக் காட்டும். இன்னும் கீழே, ஒரு மெல்லிய குழாய் ஓயாமல் காற்றை உறிஞ்சிப் பெட்டிக்குள் அனுப்பும். பெட்டியின் சிறு திரையில் கரியமில வாயு எவ்வளவு, மீத்தேன் எவ்வளவு என்று எண்கள் ஓடும். இவை பூமியைச் சூடாக்கும் வாயுக்கள் என்றும், நகரத்தில் அளந்தவர்கள் பலர், தோட்டக்காட்டில் அளந்தவர்கள் சிலரே என்றும் அவர் சொன்னார்.

தோட்ட அலுவலகத்தில் நான் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலமெல்லாம் விடிந்ததும் மழைமானியைப் பார்த்து, விழுந்த மழையை ஏட்டில் எழுதியிருக்கிறேன். ஓய்வுக்குப் பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. விடியற்காலையில் கோயிலைத் திறந்து, விளக்கேற்றி, பதிகம் பாடி முடித்தபின் மழைமானியிடம் போவேன். இதை அறிந்துதான் ஆய்வாளர் என்னிடம் வந்தார். தாழ்ந்த நிலமாதலால் அங்கே கைப்பேசி அலை கிடைக்காது. முந்தைய பகலிலும் இரவிலும் பெட்டி பதிந்த எண்களைத் திரையில் பார்த்துக் காலைதோறும் எழுதி, மேட்டுக்கு ஏறிப்போய் அவருக்கு அனுப்ப வேண்டும்.

"ஐயா, காத்து அடிச்சா கேஸ் கலைஞ்சுடும், அளவு குறையும். காத்து நின்னுட்டா, வந்தது வந்த எடத்துலயே தேங்கிடும். விடியக்காலையில ரொம்ப மோசம். தரை குளுந்து போயிருக்கும்ல, மேல மூடி போட்ட மாதிரி ஆயிடும்."

"பானைக்குள்ள ஆவி நிக்கிற மாதிரியாம்மா?"

"அதேதான். அதனால கேஸ் எவ்ளோன்னு மட்டும் பாத்தா பத்தாது. அந்த நேரத்துல காத்து என்ன பண்ணிட்டு இருந்துச்சுன்னும் தெரியணும். இல்லன்னா பழி யாரு மேலயாவது போயிடும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அன்று நான் காதால் மட்டுமே கேட்டேன்.

பதிகங்களில் இறைவனைக் காற்றாக நின்றவன் என்று பாடும் இடம் வரும்போதெல்லாம் என் குரல் சற்றுத் தழையும். நிலத்தை மிதிக்கிறோம், நீரை அள்ளுகிறோம், தீயை ஏற்றுகிறோம், வானை அண்ணாந்து பார்க்கிறோம். காற்றாக நின்றவனை மட்டும் அவன் எதையாவது அசைத்தால்தான் அறிகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் தமிழகம் சென்றபோது, எல்லை தாண்டிக் காற்றுக்குரிய தலத்தையும் கண்டுவந்தேன். காற்றுப் புகாத கருவறையில் மற்ற விளக்குகள் அசையாதிருக்க, ஒரு விளக்கின் சுடர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த நினைவோடு சுழலும் கிண்ணங்களைப் பார்த்தபோது, இது பூசைக்குரிய பொருள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பிழை அங்கேதான் தொடங்கியது.

கொட்டகைக்குச் சொந்தக்காரியைத் தங்கை என்றே எழுதுகிறேன். உடன்பிறந்தவள் அல்லள். அவள் கணவரும் நானும் தோட்டத் தொழிலாளருக்கான ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவர்கள். அவர் மறைந்தபின் அவளிடம் எஞ்சியவை பதினோரு மாடுகள். கோயில் அபிடேகத்துக்குப் பாலும், பக்கத்து வீடுகளுக்குத் தயிரும் அங்கிருந்துதான். அவள் மகன் பாசிர் கூடாங் துறைமுக நகரில் ஒரு தொழிற்சாலையில் முறைவேலை பார்க்கிறான். எட்டாவது மாடியில் அவன் வீடு. "மாட்ட வித்துட்டு வந்துடு" என்பது அவன் வாரந்தோறும் சொல்லும் சொல். "எட்டாவது மாடியில என்னைய எங்க கட்டிப்போடப் போற?" என்பது அவள் வாரந்தோறும் தரும் பதில்.

ஆயுத பூசை வந்தது. எங்கள் தோட்டத்தில் அன்று உழைக்கும் பொருள் எதுவும் வெறுமையாக நிற்காது. குலை வெட்டும் அரிவாள், தள்ளுவண்டி, மோட்டார் சைக்கிள், லாரி, பிள்ளைகளின் கணினி என்று எல்லாவற்றுக்கும் திருநீறும் சந்தனமும் குங்குமமும் உண்டு. மழைமானிக்குப் பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தேன். தூண் மட்டும் தனித்து நின்றது. நாள் முழுதும் ஓயாமல் வேலை செய்வது அதுதான். அதைச் சுற்றி ஆய்வாளர் கட்டியிருந்த சிவப்பு வெள்ளை நாடாவுக்குள் யாரும் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார். பூசை செய்யப் போகிறவனை அந்த 'யாரும்' என்ற சொல்லில் நான் சேர்க்கவில்லை.

கோயில் ஏணியைச் சாய்த்து ஏறினேன். தங்கை கீழிருந்து தான் கட்டிய செவ்வந்தி மாலையை நீட்டினாள்.

"அண்ணே, பொட்டு வெச்சாச்சு, மாலையும் போட்டாச்சு. அடுத்து மொட்டையடிச்சுக் காது குத்திருவீங்களா?"

"ஏணிய ஒழுங்காப் புடி. விழுந்தா எனக்குத்தான் மாலை."

"அலமாக்! நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? எறங்குங்க."

தகட்டுக்குச் சந்தனம் வைத்தேன். மாலையைக் கிண்ணங்களுக்குக் கீழே, தண்டில் சுற்றிக் கட்டினேன். கற்பூரம் காட்டி, ஒரு பதிகத்தைப் பண்ணோடு முழுதும் பாடினேன். மறுநாள் வாடிய மாலையை இழுத்து எடுத்தேன். பூவெல்லாம் வந்தது. நூல் எங்கோ அறுந்தது. மண்ணில் விழுந்திருக்கும் என்று இருந்துவிட்டேன்.

அது பருவம் மாறும் காலம். தென்மேற்குக் காற்று ஓய்ந்துவிட்டது. வடகிழக்குக் காற்று வந்து சேரவில்லை. விடியற்காலையில் செம்பனை ஓலை ஒன்றுகூட அசையாது. காற்று வேகம் பூஜ்யம் என்று திரை காட்டியது. நானும் பூஜ்யம் என்றே எழுதினேன். மீத்தேன் மட்டும் மளமளவென்று ஏறியது.

ஒருநாள் மேட்டில் நின்று எண்களை அனுப்பியதும் ஆய்வாளர் கைப்பேசியில் அழைத்தார்.

"ஐயா, காத்து ஒரே பூஜ்யமா இருக்கே. தூண யாராச்சும் தொட்டாங்களா?"

"இல்லம்மா. ஒருத்தரும் தொடல. இங்க இப்ப நெசமாவே காத்து இல்ல."

பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. பூசை என்பது தொடுவது என்ற கணக்கில் என் மனத்தில் இல்லவே இல்லை. மூலவரைத் தொட்டு அபிடேகம் செய்கிறவரை யாரும் "சாமியைத் தொட்டீர்களா?" என்று கேட்பதில்லை அல்லவா?

தூண் நடுவதற்கு அனுமதி தந்தபோது, இடையில் ஓர் அறிக்கை தரவேண்டும் என்று தோட்ட நிர்வாகம் கேட்டிருந்தது. அவரும் கொடுத்தார். காற்றே இல்லாத நிலையில் பகலும் இரவும் மீத்தேன் இவ்வளவு ஏறுகிறதென்றால், அது தொலைவிலிருந்து வந்திருக்க முடியாது. மிக அருகில் இருக்கும் ஏதோ ஒன்றிலிருந்து வருவதாகத் தோன்றுகிறது என்று அதில் எழுதியிருந்தார். மிக அருகில் இருப்பவை இரண்டே. ஒன்று கோயில், மற்றொன்று கொட்டகை. மாடு அசைபோடும்போது வெளிவிடும் வாயு மீத்தேன்தான் என்பதை நிர்வாகத்தில் எல்லாரும் அறிவர். மாடுகள் செம்பனை நாற்றுகளை மேய்கின்றன என்று நெடுநாளாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது போதுமானதாயிற்று. தைப்பூசத்துக்குள் மாடுகளை அப்புறப்படுத்த வேண்டும் என்ற கடிதம் கொட்டகைக்கு வந்தது.

தங்கை அதை என்னிடம் கொண்டுவந்தாள். மலாயில் எழுதியிருந்ததை நான் தமிழில் சொன்னேன். அவள் கடிதத்தை நான்காக மடித்து முந்தானையில் முடிந்தாள். பின்பு கேட்டது இதுதான்:

"அண்ணே, அந்த மிஷினுக்கு நம்ம பூசையெல்லாம் பண்ணினோமே. அது நம்ம மேலயேவா கை வைக்குது?"

அன்றிலிருந்து எனக்கு அமைதி போயிற்று. பாடும்போது அடி மாறியது. அடுத்த பாட்டின் முதலடியை முந்தைய பாட்டில் சேர்த்துப் பாடிவிட்டு, மறுபடி தொடங்கினேன். என்ன உறுத்துகிறது என்று எனக்கே தெரியவில்லை. கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. அறிக்கையிலும் இல்லை. எண்களை எழுதியவன் நான். மனம் மட்டும் கட்டுத்தறியைச் சுற்றும் கன்றைப்போல் ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

கார்த்திகையில் ஒரு காலை. நந்திக்கு முன்னால் விளக்கேற்றிப் பாடத் தொடங்கினேன். சுடர் தென்மேற்குப் பக்கம் சாய்ந்தது. கையால் அணைத்துக்கொண்டேன். மறுபடி சாய்ந்து, திரி வரையில் தாழ்ந்து, அணைந்தது. மூன்று முறை ஏற்றினேன், மூன்று முறையும் அணைந்தது. செம்பனை ஓலைகள் மழை பெய்வது போல இரைந்தன. வடகிழக்குக் காற்று வந்துவிட்டது. எழுந்துபோய்த் திரையைப் பார்த்தேன்.

காற்று வேகம்: பூஜ்யம்.

அண்ணாந்தேன். மேல்துண்டு தோளை விட்டுப் பறந்துகொண்டிருக்க, மூன்று கிண்ணங்களும் கல்லில் செதுக்கியவை போல நின்றன. கருவறையில் காற்றில்லாமலே ஆடும் சுடரைக் கண்டு கண்ணீர் விட்டவன் நான். காற்றிருந்தும் ஆடாத கிண்ணத்தை இத்தனை நாள் நம்பியவனும் நானே.

அன்று பதிகத்தை முடிக்கவில்லை. நேரே கொட்டகைக்குப் போனேன். தங்கை பால் கறந்துகொண்டிருந்தாள்.

"அந்த மாலைய என்னத்துல கட்டின?"

"எந்த மாலைய?"

"பூசையன்னிக்கு. தூணுக்கு."

"நைலான்ல. வாழநாரு காஞ்சு அத்துப் போகுதுன்னு நீங்கதான திட்டுவீங்க. அதான் ரெண்டு புரி போட்டு முறுக்கிக் கட்டினேன். ஏன்?"

சொன்னேன். அவள் கறப்பதை நிறுத்தவில்லை. பாத்திரத்தில் பால் விழும் ஓசை மட்டும் மாறியது.

"அப்ப என் மாட்டத் தொரத்தினது என் மாலைதானா?"

"கட்டினது நான். தொடலன்னு சொன்னதும் நான்."

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"பின்ன இங்க வந்து என்னா நிக்கிறீங்க? மேட்டுக்கு ஏறுங்க, லா!"

ஏறினேன். அந்த ஏற்றத்தில் என் கால்கள் தயங்கியதை மறைக்க மாட்டேன். ஏட்டில் ஒரு நாளும் பொய் எழுதாதவன் என்று இத்தோட்டத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் போகும் என்று அஞ்சினேன். இன்னும் ஒரு நாள் பார்த்துவிட்டுச் சொல்லலாமே, நூலை நானே அகற்றிவிடலாமே என்றுகூட நினைத்தேன். நானே அகற்றினால் கிண்ணம் சுழலும். கடிதம் அப்படியே நிற்கும். அலை கிடைக்கும் இடம் வந்ததும் ஆய்வாளரின் எண்ணை அழுத்தினேன்.

"அம்மா, தூண ஒருத்தன் தொட்டான். நான்தான்."

மறுநாளே வந்தார். ஏணியில் ஏறி, கண்ணாடியை நெற்றியில் தள்ளிக்கொண்டு, தண்டின் இடுக்கிலிருந்து மஞ்சள் நைலான் நூலைச் சாமணத்தால் விரற்கடை விரற்கடையாக இழுத்தார். உலர்ந்த சந்தனம் தூளாக உதிர்ந்தது. கடைசி இழை வந்ததும் கிண்ணங்கள் ஒரு முறை நடுங்கி, பின் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றன.

கடிந்துகொள்வார் என்று காத்திருந்தேன். அவர் கீழே இறங்கி, நூலை ஒரு சிறு பைக்குள் போட்டு, தேதியை எழுதி ஒட்டினார்.

"பூசையிலேருந்து நேத்து வரைக்கும் எடுத்த காத்து அளவு எல்லாத்தையும் தூக்கிப் போடணும் ஐயா. ஒரே எண் அத்தன நாள் நின்னும், வந்து பாக்காம எழுதினது என் தப்பு. வெறும் பூஜ்யத்த நம்பி அறிக்கை எழுதினவ நான்தான்."

"அப்ப எங்க மாடு என்னா ஆவும்?" என்று தங்கை நாடாவுக்கு வெளியிலிருந்தே கேட்டாள்.

ஆய்வாளர் நிர்வாகத்துக்குப் புதிய கடிதம் எழுதினார். பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்றார். அடுத்த சில நாளிலேயே ஒன்று தெளிவாயிற்று. பகலில் வடகிழக்கிலிருந்து காற்று வரும்போது மீத்தேன் ஏறியது. அந்தத் திசையில் ஆலையின் குளங்கள் இருக்கின்றன. கொட்டகையோ தூணுக்குப் பின்னால், காற்று போகும் பக்கத்தில். மாட்டின் மூச்சு காற்றை எதிர்த்து நடந்து தூணுக்கு வராது. காற்று இன்னும் வலுத்தால், குளத்து வாயுவும் கலைந்து எண் இறங்கியது. எங்கள் தோட்டத்துக் காற்று, கொண்டுவருவதும் தானே, கொண்டுபோவதும் தானே என்று இருந்தது.

ஆனாலும் தன் கடிதத்தைத் திரும்பப் பெறுமுன் நிர்வாகம் ஒரு கேள்வி கேட்டது. பகல் சரி, காற்றில்லாத விடியற்காலையில் ஏறுவது எங்கிருந்து? கேள்வி நியாயமானது. ஆய்வாளர் என் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மாடு இல்லாம மூணு விடியக்காலை அளக்கணும். காத்தே இருக்கக் கூடாது. மாடு இருக்கும்போது அதே மாதிரி காத்து நின்ன நாள் பழைய அளவுல இருக்கு, பூசைக்கு முன்னாடி எடுத்தது. ரெண்டையும் ஒப்பிடலாம். மாடு இல்லாமலும் அதே அளவுக்கு ஏறினா, காரணம் மாடு இல்ல. ஏறலன்னா…"

"ஏறலன்னா நான் எட்டாவது மாடி" என்றாள் தங்கை.

மார்கழியில் காற்று நிற்பது எளிதன்று. இரவெல்லாம் ஓலை இரையும். தங்கை மாலைதோறும் மாடுகளைத் தென்மேற்கே நெடுந்தொலைவில் உள்ள பழைய பந்துத் திடலுக்கு ஓட்டிப்போய்க் கட்டுவாள். கொட்டகையில் சாணம் ஒரு துளி இல்லாமல் கழுவுவாள். விடிந்தால் காற்று அடிக்கும். அந்த நாள் வீணாகும்.

"காத்தா நிக்கிறவர்னு தெனம் பாடுறீங்களே அண்ணே. கொஞ்சம் உக்காரச் சொல்லுங்களேன்."

நான் சிரிக்கவில்லை. உள்ளபடியே அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். வாழ்நாளெல்லாம் அசைவையே அவன் வரவு என்று பாடியவன், அசையாதே என்று வேண்டுவது எவ்வகை வழிபாடு என்று எனக்குப் புரியவில்லை. பாடினேன், நிறுத்தினேன், சுடரைப் பார்த்தேன், மறுபடி பாடினேன்.

தை பிறப்பதற்குள் இரண்டு அமைதியான விடியல்கள் கிடைத்தன. இரண்டிலும் எண் ஏறியது. தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் மூன்றாவது கிடைத்தது. விளக்கின் சுடர் எழுதுகோல் முனைபோல் நேராக நின்றது. ஓலைகளில் ஓசை இல்லை. மேட்டிலிருந்து வெண்பனி, நீர் வழிவதுபோல் மெல்லத் தாழ்ந்து கோயில் வாசலில் தேங்கியது. அதில் ஆலைக்குளத்தின் புளித்த வாடை இருந்தது. இத்தனை ஆண்டும் அந்த வாடை மூக்கில் ஏறியும், எங்கிருந்து வருகிறதென்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

ஆய்வாளர் பெட்டியின் முன் குந்தியிருந்தார். நான் ஏட்டோடு நின்றேன். தங்கை திரைக்கு முதுகைக் காட்டி, வெறுங்கொட்டகையைப் பார்த்தபடி நாடாவுக்கு வெளியே நின்றாள். எண் நகர்ந்தது. மாடுகள் இருந்த நாளின் அளவை நெருங்கியது. கடைசியில் அதைவிடச் சற்றே குறைவான இடத்தில் நின்றது.

"கொஞ்சம் கொறைவு" என்றார் ஆய்வாளர். "அந்தக் கொஞ்சந்தான் மாடு. மத்ததெல்லாம் மேட்டுலேருந்து எறங்குறது. அப்படியே எழுதிடுறேன்."

தங்கை திரும்பாமலே கேட்டாள்: "என்னா சொல்லுது?"

"ஏறிடுச்சு" என்றேன்.

"ஏறிடுச்சா? நெசமாவா?"

"நெசமாத்தான். போய் மாட்ட ஓட்டிட்டு வா."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள், அழுதபடியே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கியது. ஆய்வாளர்கூடச் சிரித்தார். மூவரும் அந்தப் புளித்த பனிக்குள் நின்று மகிழ்ந்தோம். தங்கை திடலை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ஏட்டில் எண்ணை எழுதக் குனிந்தபோது கை நின்றது. இந்த எண் ஏறக்கூடாது என்ற கவலையில்தான் அந்தத் தூணையே நட்டார்கள். அது ஏறவேண்டுமே என்று ஒரு மாதம் தவமிருந்து, ஏறியதும் கொண்டாடியிருக்கிறோம். மூச்சை இழுத்தேன். தேங்கி நின்ற அதே காற்றுத்தான் உள்ளே போனது. வேறு காற்று எங்களுக்கு இல்லை.

எண்ணை எழுதினேன். அதன் அருகில், காற்று இல்லை என்றும் எழுதினேன். அப்படி எழுதிய அந்த நொடியில் நந்தி விளக்கின் சுடர் சற்றே சாய்ந்ததுபோல் இருந்தது. எழுதியதை அடிக்கவா வேண்டாமா என்று தெரியாமல், கிண்ணங்களை அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். தொலைவில் முதல் மாட்டின் மணியோசை கேட்கத் தொடங்கியது.